எதிரிக்கும் ஒரு ராணி வேண்டும்

சதுரங்கம் ஆட உட்காருகிறவர் எவரும், "எதிராளிக்கு ராணி வேண்டாம், யானையும் வேண்டாம், நாலு சிப்பாய்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆடட்டும்" என்று சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை. அப்படி ஆடி ஜயித்தவரை யாரும் மெச்சியதாகவும் கேள்வியில்லை. ரத, கஜ, துரக, பதாதி என்னும் நால்வகைச் சேனையையும் ஒரு மரப்பலகையில் கொண்டுவந்து நிறுத்திய நம் முன்னோர், இரண்டு பக்கத்துக்கும் காய்களைச் சமமாகவே பங்கிட்டுக் கொடுத்தார்கள். எதிரி பலவானாயிருந்தால்தான் ஆட்டத்தில் ருசி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2022-ஆம் ஆண்டு ஜூலையில் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் கூடியபோது பாகிஸ்தான் அணியும் சென்னைக்கு வந்து சேர்ந்தது. ஒலிம்பியாட் ஜோதி காஷ்மீர் வழியாகக் கொண்டுபோகப்பட்டதை ஆட்சேபித்து, ஒரு காயைக்கூட நகர்த்தாமல் திரும்பிப் போய்விட்டது. அந்த ஒரு மேஜை காலியானதில் நமக்கு யாதொரு லாபமும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது பலகை மாறிவிட்டது, சேனையும் மாறிவிட்டது. ரதம் இருந்த இடத்தில் டாங்கி. யானை இருந்த இடத்தில் போர்க் கப்பல். குதிரை இருந்த இடத்தில் ஆகாய விமானம். கம்ப்யூட்டர் திரையிலும் கைப்பேசியிலும் உலகெங்கும் வாலிபர்கள் இந்தப் புதுச் சதுரங்கத்தை ஆடுகிறார்கள். இந்த விளையாட்டுகள் பலவற்றில் ஒரு பொதுவான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு விருட்சம். அதன் அடிமரத்தில் பழைய காலத்து விமானங்கள், நடுக்கிளைகளில் முதல் ஜெட் விமானங்கள், நுனிக்கொம்பில் இன்றைய விமானங்கள். ஆட்டக்காரர் அடியிலிருந்து தொடங்கி, வெற்றி பெறப் பெற மேலே ஏறவேண்டும். ஒரு போருக்குப் புறப்படும்போது தம் விருட்சத்திலிருந்து சில விமானங்களைப் பறித்து வரிசையாக நிறுத்திக்கொள்வார். ஏறக்குறைய சம பலமுள்ள வரிசைகளையே எதிரெதிராகச் சந்திக்கவிடுவது ஆட்டம் நடத்துகிறவர்களின் பொறுப்பு.

அமெரிக்கா, ருஷ்யா, ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான் முதலிய தேசங்களின் விருட்சங்களெல்லாம் தழைத்து நிற்கின்றன. "பாகிஸ்தான் விமானப் படைக்கு ஒரு வரிசை அமைத்தால் எப்படியிருக்கும்?" என்று சிலர் யோசனை வரைந்து பார்ப்பதுண்டு. யோசனை கேட்டவுடனே நம்மவர்களில் பலருக்குப் புருவம் நெரிகிறது. புருவத்தைச் சற்று நேரம் சாந்தப்படுத்திக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படிக்கும்படி நேயர்களை வேண்டிக்கொள்கிறோம்.

இந்த விஷயத்தைப் பற்றி எழுத ஒரகடத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பது நமது அபிப்பிராயம். ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்னெல்லாம் ஸ்ரீராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்று மட்டுமே ஜனங்களுக்குத் தெரியும். 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி, விமானியாயிருந்து பிரதம மந்திரியான ராஜீவ் காந்தி அங்கே உயிரிழந்தார். அதன் பிறகு உலகமெல்லாம் அவ்வூர்ப் பெயரைத் துயரத்தோடு உச்சரித்தது. இன்று அதே ஊரிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரையில் தொழிற்சாலைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய், ஒரகடத்தில் ரெனோ, பாரத் பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்ட். இந்த ராயல் என்ஃபீல்டின் புல்லட் மோட்டார் சைக்கிள், நமது ராணுவம் எல்லைக் காவலுக்காக வாங்கியதால்தான் இந்தியாவில் வேரூன்றியது என்பது பலருக்கு மறந்து போயிருக்கும். 1955-இல் சென்னையில் அதைத் தயாரிக்க ஆரம்பித்ததற்கு அந்த ராணுவ ஆர்டரே மூலகாரணம்.

கைப்பேசிகளும் இங்கேதான் பிறக்கின்றன. 2006-இல் தொடங்கி 2014-இல் மூடிப்போன நோக்கியா ஆலையை ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. அங்கே வேலை செய்யும் பெண்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 பேர் வசிக்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்று ஒரு பூங்காவையும் சர்க்கார் ஒதுக்கியிருக்கிறார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து 2019 ஜனவரியில் தொடங்கிய ராணுவத் தளவாடத் தொழில் வட்டாரத்தில் இந்தப் பகுதியும் அடங்கும். கிழக்கே வண்டலூர் சாலையில் போனால் தாம்பரம் எட்டிவிடும். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே கற்றுக்கொடுக்கும் விமானப் படைப் பள்ளி அங்கே இருக்கிறது. மேற்கே போனால் காஞ்சிபுரம். காஞ்சிக்கு அப்பால் திருப்பனமூர்.

திருப்பனமூர் என்றதும் நேயர்களுக்கு விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமானின் மீசை ஞாபகத்துக்கு வந்திருக்கும். 2019 பிப்ரவரி 27-ஆம் தேதி மிக்-21 விமானத்தில் சென்று, பாகிஸ்தானியரிடம் அகப்பட்டு, மார்ச் முதல் தேதி இரவு வாகா எல்லையில் நம் மண்ணை மிதித்தாரே, அவருடைய குடும்பத்துக்குப் பூர்வீகம் அந்த ஊர்தான். அதே ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி நமது விமானப் படையார் தாங்களே ஒரு கைப்பேசி விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் வரும் விமானியின் முகத்திலும் அந்த மீசை பளபளத்தது. பிள்ளைகள் குதூகலித்தார்கள். இதற்கு முன்னரே 2014-இலும் விமானப் படையார் ஒரு விளையாட்டைக் கொண்டு வந்ததுண்டு. அதில் எதிரியாக வந்தது ஒரு கற்பனை தேசம். சர்க்கார் காரியத்தில் அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் கற்பனை எதிரியிடம் ஒரு குறை. அவனுடைய விமானம் எப்போது வந்தது, யார் கொடுத்தார்கள், யார் ஓட்டினார்கள், எங்கே விழுந்தது என்று கேட்டால் பதில் கிடையாது.

ஒரகடம் நாற்சந்தியில் ஒரு தேநீர்க் கடை வாசலில், வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த சில வாலிபர்களிடம் இந்தப் பிரஸ்தாபத்தை எடுத்தோம். ஒருவர் திருவண்ணாமலைப் பக்கம். ஒருவர் ஒரிஸ்ஸாக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். எல்லார் கையிலும் போர் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பாகிஸ்தானுக்கு விமானம் கொடுக்கலாம் சார்; ஆனால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட வேண்டும்" என்றார் திருவண்ணாமலைக்காரர்.

"ஏன் தம்பி?"

"நாம் ஜயிக்க வேண்டாமா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது. வேகத்தைக் குறைக்காமலே ஒரு வரிசை அமைத்துப் பார்ப்பது என்று அன்றைக்கே தீர்மானித்தோம். அது பின்வருமாறு.

ஒரு வேர், இரண்டு மரம்

முதல் படியில் என்ன விமானத்தை நிறுத்துவது? இங்கேதான் ஒரு வேடிக்கை. பாகிஸ்தான் விமானப் படையின் முதல் விமானங்கள் நம்முடையவையே! 1947 ஆகஸ்டில் தேசம் பிரிந்தபோது நாற்காலி, மேஜை, டைப்ரைட்டிங் மெஷின் முதல் எல்லாவற்றையும் பங்கு போட்டார்களல்லவா? ராயல் இந்திய விமானப் படையையும் அவ்வாறே பங்கு போட்டார்கள். டெம்பெஸ்ட் என்னும் சண்டை விமானங்கள் கொண்ட இரண்டு பிரிவுகளும், டக்கோட்டா என்னும் சாமான் ஏற்றும் விமானங்கள் கொண்ட ஒரு பிரிவும் பாகிஸ்தானுக்குப் போயின. பர்மா யுத்தத்தில் ஜப்பானியருக்கு எதிராக ஒரே கொடியின் கீழ்ப் பறந்தவர்கள், ஓர் இரவில் இரண்டு படையாகிவிட்டார்கள்.

ஆகவே விருட்சத்தின் அடிமரத்தை இரண்டு தேசங்களுக்கும் பொதுவாக வைப்பதே நியாயம். 1947 வரையில் ஒரே மரம். அதற்கு மேல் இரண்டு கிளைகள். சிலர் பாகிஸ்தான் விமானங்களைச் சீன விருட்சத்தில் ஒட்டுக்கிளையாக வைத்துவிடலாம் என்கிறார்கள். சிலர் பிரிட்டிஷ் விருட்சத்தில் வைக்கச் சொல்கிறார்கள். மேல் கிளைகளுக்கு இவை சௌகரியமாக இருக்கலாம். வேருக்கு இவை பொருந்தா. இந்தப் பொது வேரைக் காட்டினால் அங்கேயும் சிலர் கோபிப்பார்கள், இங்கேயும் சிலர் கோபிப்பார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே.

அந்த வேர் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். 1965 ஏப்ரலில் கட்ச் ரண் பிரதேசத்தில் இரண்டு ராணுவங்களும் மோதிக்கொண்டபோது, பாகிஸ்தான் விமானப் படைத் தலைவர் அஸ்கர் கான், நமது விமானப் படைத் தலைவர் அர்ஜன் சிங்கை டெலிபோனில் அழைத்தார். இருவரும் பழைய இந்திய விமானப் படையில் சகாக்கள். இந்தச் சண்டையில் நம் இருவர் விமானங்களும் தலையிட வேண்டாம் என்பது அவருடைய யோசனை. அவ்வாறே அந்தச் சண்டை விமானங்கள் இல்லாமலே முடிந்தது. அந்த ஜூலையில் அஸ்கர் கான் பதவியிலிருந்து விலகினார். செப்டம்பரில் நடந்ததைப் பின்னால் பார்ப்போம்.

டெம்பெஸ்டுக்கு அடுத்தபடியாக 1949 முதல் வந்த ஃப்யூரி விமானத்தை நிறுத்தலாம். இதுவும் விசிறி வைத்த இங்கிலீஷ் விமானம்; வேகமானது, பலமானது. அதற்கு மேல் 1951-இல் வந்த அட்டாக்கர். பாகிஸ்தானின் முதல் ஜெட் விமானம் இதுதான். பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்த இந்த விமானத்தை அயல் தேசங்களில் பாகிஸ்தான் ஒன்றே விலைக்கு வாங்கியது. ஜெட் விமானமாயிருந்தும் பழைய விமானங்களைப் போல் வால் சக்கரத்தை ஊன்றிக்கொண்டு தரையில் குந்தியிருக்கும். ஆட்டத்தில் இதை எடுக்கிறவர்கள் பரிகாசத்துக்கு ஆளாவார்கள். எடுக்கட்டும், இதைக் கடந்துதான் மேலே போகவேண்டும். நமது விமானப் படையில் வாம்பயர் ஜெட் விமானம் 1948-லேயே வந்துவிட்டது என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

சேபர்

இனி இந்த வரிசையின் ராணிக்கு வருவோம்.

1954-இல் பாகிஸ்தான் அமெரிக்காவுடன் ராணுவ உதவி உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பலனாக 1956 முதல் 120 சேபர் விமானங்கள் வந்து இறங்கின. கொரியா யுத்தத்தில் பெயரெடுத்த விமானம் அது. மூக்கின் இரு புறமும் மும்மூன்றாக ஆறு இயந்திரத் துப்பாக்கிகள்; சிலவற்றில் மட்டும் சைட்விண்டர் என்னும் ஏவுகணை. அந்த ஏவுகணை எதிரி விமானத்தின் சூட்டை மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடும். 1959 ஏப்ரல் 10-ஆம் தேதி, ரம்ஜான் பண்டிகையன்று, ராவல்பிண்டிக்கு மேலே மிக உயரத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்த நமது கேன்பெரா விமானத்தைச் சேபர் ஒன்று சுட்டு வீழ்த்தியது. பாகிஸ்தான் விமானப் படை வீழ்த்திய முதல் விமானம் அதுதான். நமது விமானிகள் இருவரும் பாராசூட்டில் இறங்கி உயிர் தப்பினார்கள்.

சேபரின் பலத்தைக் குறைக்கவேண்டும் என்ற அந்த வாலிபர் 1965 செப்டம்பர் முதல் வாரத்தைக் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும். முதல் தேதி, சம்ப் பகுதியில் நமது பழைய வாம்பயர் விமானங்கள் நான்கு விழுந்தன. 6-ஆம் தேதி மாலை, பதான்கோட் விமான தளத்தின் மீது சேபர்கள் தாழப் பறந்து வந்து, தரையில் நின்றிருந்த சுமார் பத்து விமானங்களை எரித்துவிட்டுப் போயின. புத்தம் புதிதாக ருஷ்யாவிலிருந்து வந்த மிக்-21 விமானங்களும் அவற்றில் அடக்கம். 7-ஆம் தேதி சர்கோதாவுக்கு மேலே எம். எம். ஆலம் என்னும் விமானி ஒரு நிமிஷத்துக்குள் ஐந்து ஹண்டர் விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் கொண்டாடுகிறது. நமது பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் ஐந்தை ஒப்புக்கொள்வதில்லை. இந்த ஆலம் பிறந்தது கல்கத்தாவில்.

இவ்வளவு பலமுள்ள சேபரை எதிர்த்து நின்றது எது? நாட் என்னும் குட்டி விமானம்! சேபரின் சிறகு முப்பத்தேழு அடிக்கு மேல்; நாட்டின் சிறகு இருபத்திரண்டு அடி. பக்கத்தில் நிறுத்தினால் கழுகின் அருகே சிட்டுக்குருவி நிற்கிற மாதிரி இருக்கும். அந்தச் சிறிய உருவமே அதற்குக் கவசமாயிற்று. எதிரியின் கண்ணுக்கு லேசில் அகப்படாது. பீரங்கிகள் இரண்டு, அவை அடிக்கடி சிக்கிக்கொள்ளும் என்ற குறையும் உண்டு. செப்டம்பர் 3-ஆம் தேதி நாட் விமானி டிரெவர் கீலர் ஒரு சேபரை அடித்ததாக நாம் சொல்கிறோம். அது பத்திரமாகத் தளம் திரும்பியது என்று அவர்கள் சொல்கிறார்கள். எப்படியாயினும் யுத்தம் முடிவதற்குள் நாட்டுக்கு "சேபரைக் கொன்ற விமானம்" என்று பெயர் வந்துவிட்டது. சேபரின் வேகத்தை ஆட்டத்தில் குறைத்துவிட்டால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? யாரைக் கொன்றதற்காக அந்தப் பட்டம்?

தேவய்யாவின் கதை

சேபருக்கு மேல் படியில் ஸ்டார்ஃபைட்டர் நிற்கவேண்டும். 1961-இல் பாகிஸ்தானுக்கு மொத்தம் பன்னிரண்டே கிடைத்தன. ஒலியைப்போல் இரு மடங்கு வேகம். கத்தி போன்ற மெல்லிய சிறகு. அக்காலத்தில் ஆசியாவில் இதைக் கண்டு அஞ்சாதவர் குறைவு.

1965 செப்டம்பர் 7-ஆம் தேதி காலை, நமது மிஸ்டேர் விமானங்கள் சர்கோதா தளத்தைத் தாக்கச் சென்றன. மிஸ்டேர் பிரெஞ்சு விமானம். ஸ்டார்ஃபைட்டரின் வேகத்தில் பாதியைக்கூட எட்டாது. குடகு நாட்டைச் சேர்ந்த அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா என்னும் ஸ்குவாட்ரன் லீடர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் திரும்பி வரவில்லை. "காணாமற்போனார்" என்று எழுதிவைத்தார்கள். அவ்வளவுதான்.

வருஷங்கள் ஓடின. பாகிஸ்தான் தரப்பிலிருந்து விவரங்களைத் திரட்டி ஜான் ஃப்ரிக்கர் என்னும் ஆங்கில எழுத்தாளர் எழுதிய புத்தகம் 1979-இல் வெளிவந்தது. அன்றைக்கு அம்ஜத் ஹுசேன் என்னும் பாகிஸ்தான் விமானி ஓட்டிய ஸ்டார்ஃபைட்டரை, அடிபட்ட ஒரு மிஸ்டேர் எதிர்த்து நின்று சண்டையிட்டு வீழ்த்தியது என்ற விவரம் அதில் இருந்தது. அம்ஜத் ஹுசேன் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். அந்த மிஸ்டேரில் இருந்தவர் யார்? கணக்குப் பார்த்தால் ஒருவர்தான் மிச்சம்; அவர் தேவய்யா. நமது விமானப் படையார் தீர விசாரித்து, 1988-இல், அவர் மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, மகாவீர சக்கரம் வழங்கினார்கள். அவருடைய மனைவி அதைப் பெற்றுக்கொண்டார்.

எதிரியின் கணக்குப் புத்தகத்தை "பொய்" என்று சொல்லித் தள்ளியிருந்தால், அந்த வீரரின் பெயர் "காணாமற்போனார்" என்ற வரியோடு நின்றுபோயிருக்கும். ஸ்டார்ஃபைட்டரின் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறவர்கள் தங்களையறியாமல் தேவய்யாவின் பெருமையில் கைவைக்கிறார்கள். ஆட்டம் அமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. புள்ளிக் கணக்குப்படி பார்த்தால் மிஸ்டேரும் ஸ்டார்ஃபைட்டரும் சந்திக்கவே கூடாது. பலம் சமமில்லை என்று விலக்கிவிடுவார்கள். ஒரு விசேஷப் போராகவாவது அந்தச் சந்திப்பை அனுமதிக்கவேண்டும்.

கிளை தாவிய காலம்

1965 யுத்தம் மூண்டதும் அமெரிக்கா ஆயுதம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு பாகிஸ்தான் விமானப் படையின் கதை, சமையலறையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கூட்டு வைக்கிற குடித்தனக்காரியின் கதையாக ஆயிற்று. சீனாவிடமிருந்து எஃப்-6 விமானங்கள் வந்தன. மேற்கு ஜெர்மனியின் பழைய சேபர்கள் தொண்ணூறு, "ஈரானுக்காக" என்று சொல்லி வாங்கப்பட்டு, மெல்லப் பாகிஸ்தானில் வந்து தங்கிவிட்டன. பிரான்சிலிருந்து மிராஜ் வந்தது.

இவற்றில் நமது மனத்தைக் கவர்வது எஃப்-6 தான். ருஷ்ய மிக்-19 விமானத்தைப் பார்த்துச் சீனர் செய்த விமானம் அது. அதற்கு அமெரிக்காவின் சைட்விண்டர் ஏவுகணையைப் பாகிஸ்தானியர் மாட்டினார்கள். ஆபத்துக் காலத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் ஆசனம் இங்கிலாந்தின் மார்ட்டின் பேக்கர் கம்பெனியுடையது. கம்யூனிஸ்டுகளும் முதலாளித்துவ தேசத்தாரும் வேறெங்கும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரே விமானத்தில் உட்கார்ந்ததில்லை! ஆட்டத்தில் எஃப்-6 விமானத்தைச் சீன விருட்சத்திலிருந்து அப்படியே பிடுங்கி நட்டுவிடாமல், இந்த ஒட்டுவேலைகளோடு வைத்தால்தான் அது பாகிஸ்தான் விமானமாகும்.

1971-இல் இந்த வரிசை முழுவதும் களத்துக்கு வந்தது. நவம்பர் 22-ஆம் தேதி, யுத்தம் முறையாக மூளுவதற்கு முன்பே, வங்காள எல்லையில் போய்ரா என்ற இடத்துக்கு மேலே நமது நாட் விமானங்கள் நான்கு, சேபர்களை மறித்தன. இரண்டு சேபர்கள் விழுந்தன. இரண்டு விமானிகள் அகப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி 1997-இல் பாகிஸ்தான் விமானப் படைக்கே தலைவரானார். அன்று அவருக்கு எதிராகப் பறந்தவர்களில் ஒருவரான டொனால்ட் லாசரஸ் அப்போது அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகரில், தளத்தின் மீது வெடிகுண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே நாட் விமானத்தை மேலே எழுப்பி, ஆறு சேபர்களைத் தன்னந்தனியாக எதிர்த்து உயிர்விட்டார் நிர்மல்ஜித் சிங் சேக்கோன். நமது விமானப் படையில் பரமவீர சக்கரம் பெற்றவர் இன்றளவும் அவர் ஒருவரே. ஆறு சேபர்கள் என்னும்போது நாம் மறுபடியும் அந்த வாலிபரை நினைத்துக்கொள்கிறோம்.

பி-57 என்னும் குண்டுவீச்சு விமானத்தை மறந்துவிடக் கூடாது. இரவிலே தனியாக வந்து குண்டு போட்டுவிட்டுப் போவது அதன் வழக்கம். ஆட்டத்தில் குண்டுவீச்சு விமானங்களை யாரும் விரும்பி எடுப்பதில்லை; அது வேறு விஷயம்.

நுனிக்கொம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகை படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்ததே. 1983-இல் அமெரிக்காவின் எஃப்-16 வந்தது, மொத்தம் நாற்பது. 1990-இல் அணுகுண்டு விவகாரத்தினால் அமெரிக்கா மீண்டும் கதவைச் சாத்தியது. பாகிஸ்தான் பணம் கட்டிச் செய்வித்த இருபத்தெட்டு விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் வெயில் காய்ந்துகொண்டு கிடந்தன. கடைசியில் 1998-இல் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகவும், ஒரு பகுதியைக் கோதுமை முதலான பண்டங்களாகவும் தீர்ப்பதென்று முடிவாயிற்று. சண்டை விமானத்துக்குப் பணம் கட்டிக் கோதுமை வாங்கிய படை உலகத்தில் வேறு உண்டோ என்னவோ! இதற்கிடையில் ஆஸ்திரேலியா கழித்துப் போட்ட ஐம்பது மிராஜ் விமானங்களை விலைக்கு வாங்கி, காம்ரா என்னும் ஊரிலுள்ள பட்டறையில் கழற்றிப் பூட்டிப் பறக்கவிட்டார்கள். தொழில் தெரிந்தவர்கள் இதைக் கேலி செய்ய மாட்டார்கள். ஒரகடத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்கு, பழைய இயந்திரத்தை உயிர்ப்பிப்பது புதிதாகச் செய்வதைவிடக் கஷ்டம் என்பது விளங்கும். மிராஜ் பல ஆண்டு இவ்வரிசையில் நின்றது அந்தப் பட்டறைக்காரர்களின் சாமர்த்தியமே.

பிறகு சீனாவுடன் கூடிச் செய்த ஜே.எஃப்-17. 2003 ஆகஸ்ட் 25-இல் அது முதன்முதல் பறந்தது. உடல் சீனாவும் பாகிஸ்தானும் செய்தது, இயந்திரம் ருஷ்யாவுடையது. நமது தேஜஸ் 2001 ஜனவரி 4-இலேயே பறந்துவிட்டது என்று சொல்லிப் பெருமைப்படலாம். அவர்களுடையது படையில் எவ்வளவு துரிதமாகச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் யோக்கியம். 2022 மார்ச்சில் சீனாவின் ஜே-10 சி வந்து சேர்ந்தது. அதுவே இப்போதைய நுனி.

2019 பிப்ரவரியில் அபிநந்தன் ஓர் எஃப்-16 விமானத்தை வீழ்த்தினார் என்பது நமது தரப்பு. இல்லையென்பது அவர்கள் தரப்பு. 2025 மே மாதத்து நான்கு நாள் சண்டையில் எத்தனை விமானங்கள் விழுந்தன என்பதிலும் இரு தரப்புக் கணக்கும் ஒத்துவரவில்லை. விளையாட்டு அமைப்பவர் இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. எந்த விமானம் எத்தனை விமானங்களை வீழ்த்தியது என்பது அவருக்கு வேண்டாத கணக்கு. எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், எத்தனை துப்பாக்கி, எத்தனை தூரம் என்பதே அவருக்கு வேண்டும். அந்த விவரங்களை இரு தரப்பாரும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அபிநந்தன் ஏறிச்சென்ற மிக்-21 வகை விமானங்கள் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் கடைசி முறையாகப் பறந்து படையிலிருந்து விடைபெற்றன. இனிமேல் அவற்றைத் திரையிலும் காட்சிசாலையிலும்தான் பார்க்கலாம்.

வரிசையில் ஒரு காலியிடம் பாக்கியிருக்கிறது. இத்தகைய ஆட்டங்களில், எதிரியிடமிருந்து கைப்பற்றிய விமானத்தை விசேஷப் பரிசாகக் கொடுப்பதுண்டு. பாகிஸ்தான் வரிசைக்கு அப்படி ஒன்று கொடுப்பதானால் அது நமது நாட் விமானமாகத்தான் இருக்கவேண்டும். 1965 செப்டம்பர் 3-ஆம் தேதி, ஸ்குவாட்ரன் லீடர் சிக்கந்த் ஓட்டிச் சென்ற நாட் விமானம் பஸ்ரூர் என்னுமிடத்தில் எல்லைக்கு அப்பால் இறங்கிவிட்டது. பாகிஸ்தான் விமானி ஒருவர் அதை அங்கிருந்து ஓட்டிச் சென்றார். இன்றும் அது கராச்சி விமானப் படைக் காட்சிசாலையில் நிற்கிறது. ஆகையால் சரித்திரப்படி அந்தப் பரிசு செல்லும்.

இதைச் சொன்னபோது ஒரகடத்து வாலிபர்கள் சிறிது நேரம் பேசவில்லை. தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. ஏறப்போன திருவண்ணாமலைக்காரர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "கொடுத்துவிடுங்கள் சார்" என்றார். "ஆனால் அந்தத் துப்பாக்கி சிக்கிக்கொள்கிற குறை இருக்கிறதே, அதையும் சேர்த்துக் கொடுங்கள்!"